எத்தனாலா, பெரிய இன்ஜினா? டர்போ வண்டிக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது

டர்போ வண்டியை ஒரு வருடம் ஓட்டிப் பழகியதும் எல்லோருக்கும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. இருக்கிற 2 லிட்டர் இன்ஜினை அப்படியே வைத்துக்கொண்டு இ85-க்கு (எத்தனால் அதிகம் கலந்த பெட்ரோல்) மாறலாமா, இல்லை இன்ஜினைப் பிரித்து 2.3 லிட்டராகக் கட்டிவிடலாமா? என்னிடம் இருப்பது மிட்சுபிஷி எவோ 8, 2003-ல் அமெரிக்காவுக்கு வந்த மாடல், 4ஜி63 இன்ஜின், 1997 சிசி, கம்பெனிக் கணக்கில் 271 ஹெச்பி. அதை வைத்தே சொல்கிறேன். சுபாரு வைத்திருந்தாலும் யோசிக்கிற முறை இதேதான்.

இரண்டும் ஒரே நோய்க்கு மருந்து இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் பணத்தைக் கொட்டியவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு லாக் (வண்டி ஓடும்போது இன்ஜின் கம்ப்யூட்டர் தரும் அளவுகளின் பதிவு) எடுங்கள். லேப்டாப்பையும் கேபிளையும் மாட்டி, டைனோவிலோ (சக்தியை அளக்கும் உருளை மேடை) டிராக்கிலோ மூன்றாம் கியரில் 2500 ஆர்பிஎம்மில் இருந்து 7000 வரை முழுசாக மிதித்து ஓட்டுங்கள், ரோட்டில் வேண்டாம். வந்த ஃபைலில் மூன்று விஷயம் பார்த்தால் போதும்: பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) எந்த ஆர்பிஎம்மில் முழுசாக ஏறுகிறது, இக்னிஷன் டைமிங் (தீப்பொறி விழும் நேரம்) எப்படிப் போகிறது, நாக் (எரிபொருள் தானாக முன்கூட்டியே வெடிப்பது) எண்ணிக்கை எங்கே எகிறுகிறது. பூஸ்ட் சீக்கிரமே வந்துவிடுகிறது, ஆனால் நடுவில் நாக் வந்து ஈசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கிறது என்றால் உங்கள் குறை எரிபொருளில் இருக்கிறது. நாக் ஒன்றும் இல்லை, ஆனால் பெரிய டர்போ மாட்டியதால் 4500 வரைக்கும் வண்டி தூங்குகிறது என்றால் குறை சிசியில், அதாவது இன்ஜினின் அளவில். கடைசி 1000 ஆர்பிஎம்மில் பூஸ்ட் தானாக இறங்குகிறதா? அது டர்போவே மூச்சு முட்டுகிற அறிகுறி. பெரிய இன்ஜின் அங்கே உதவாது, இன்னும் சீக்கிரமே முட்ட வைக்கும்.

எத்தனால் ஏன் நாக் வருவதை அடக்குகிறது என்றால் இரண்டு காரணம். அதன் ஆக்டேன் (நாக் வராமல் தாங்கும் திறன்) அதிகம், அதோடு ஆவியாகும்போது பெட்ரோலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் வெப்பத்தை உறிஞ்சுகிறது, அதனால் சிலிண்டருக்குள் போகிற காற்றே குளிர்ந்துவிடுகிறது. அந்த இடத்தில்தான் டியூனர் (ஈசியூ அமைப்புகளைச் சரிசெய்பவர்) டைமிங்கையும் பூஸ்ட்டையும் ஏற்றிக்கொள்கிறார். கலிபோர்னியா மாதிரி பங்கில் 91 ஆக்டேனுக்கு மேல் கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்கு இந்த மாற்றம் 93 கிடைக்கும் ஊர்க்காரர்களைவிட அதிகமாகவே தெரியும். ஆனால் கலிபோர்னியாக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும், 2021 ஜூலையில் இருந்து அங்கே ஸ்மாக் சோதனையில் (வண்டிப் புகைச் சோதனை) ஈசியூ மென்பொருள் மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். அதை விசாரித்துவிட்டு மேலே போங்கள்.

இதற்கு விலை உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும் என்றால் இ85-க்குச் சுமார் 9.8 கிலோதான். அதாவது அதே காற்றுக்கு லிட்டர் கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடுதல் எரிபொருள் ஊற்ற வேண்டும். 400 ஹெச்பி வேண்டும் என்றால் பெட்ரோலில் 750 சிசி இன்ஜெக்டர் போதும், இ85-ல் 1000 சிசி வேண்டும், கம்பெனியில் வருவதோ 560 சிசிதான். பம்ப்பும் மாற்ற வேண்டும். மைலேஜ் கால் பங்கு வரை குறையும். பம்ப், இன்ஜெக்டர், ஃபிளெக்ஸ் சென்சார் (எரிபொருளில் எத்தனால் எவ்வளவு என்று ஈசியூவுக்குச் சொல்வது), டியூனிங் எல்லாம் சேர்த்தாலும் நல்ல இன்ஜின் கட்டும் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, அதுதான் இதன் பெரிய பலம். இன்ஜினைத் திறக்கவே வேண்டாம். பிடிக்கவில்லை என்றால் பழையபடி 93-க்குத் திரும்பிவிடலாம்.

ஃபிளெக்ஸ் சென்சாரை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பங்கில் இ85 என்று எழுதியிருந்தாலும் அதில் எத்தனால் 51-ல் இருந்து 83 சதவீதம் வரை எது வேண்டுமானாலும் இருக்கலாம், குளிர்காலத்தில் வண்டி ஸ்டார்ட் ஆக வேண்டுமே என்று குறைத்துவிடுவார்கள். நான் இருப்பது மினசோட்டா. முதல் வருடம் சென்சார் இல்லாமல் பிப்ரவரியில் டியூன் செய்தேன், அன்றைக்கு டேங்கில் இருந்தது 62 சதவீதம். மே மாதம் அதே பங்கில் ஊற்றியது 78. மெதுவாக ஓட்டும்வரை ஈசியூ சரிசெய்துகொண்டது, ஒன்றும் தெரியவில்லை. முழுசாக மிதித்தபோது மீட்டரில் லாம்டா (காற்று-எரிபொருள் விகித அளவு, எண் ஏறினால் எரிபொருள் குறைவு) 0.78 இருக்க வேண்டிய இடத்தில் 0.85 நின்றது. உடனே காலை எடுத்தேன், பிஸ்டன் தப்பியது. எத்தனால் குறைந்தால் ரிச் (எரிபொருள் அதிகம்), ஏறினால் லீன் (எரிபொருள் போதாது). பயப்பட வேண்டியது ஏறும்போதுதான்.

சென்சார் வந்த பிறகும் நான் கையில் ஒரு அளவுக் குழாய் வைத்திருக்கிறேன். 50 மில்லி தண்ணீர், அதன்மேல் 50 மில்லி இ85. மூடி நன்றாகக் குலுக்கி ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தால் எத்தனால் எல்லாம் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிடும், பெட்ரோல் மட்டும் மஞ்சளாக மேலே மிதக்கும். தண்ணீர்க் கோடு 50-ல் இருந்து 88-க்கு ஏறியிருந்தால் 38 மில்லி எத்தனால், அதாவது 76 சதவீதம். தண்ணீரும் எத்தனாலும் கலக்கும்போது கன அளவு கொஞ்சம் சுருங்கும், அதனால் உண்மையான அளவைவிடச் சற்றுக் குறைவாகத்தான் காட்டும். சென்சாரும் குழாயும் ரொம்ப முரண்பட்டால் சென்சாரின் வயரைப் பாருங்கள்.

பம்ப்பும் இன்ஜெக்டரும் வாங்க இப்போது காசில்லை என்பவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. சாதாரண பெட்ரோலிலேயே இங்கே 10 சதவீதம் எத்தனால் இருக்கிறது. 14 கேலன் டேங்கில் நாலு கேலனுக்குச் சற்று மேல் இ85-ம் மீதி 93-ம் ஊற்றினால் 30 சதவீதம் வரும். எரிபொருள் தேவை எட்டு சதவீதம் போலத்தான் கூடும், ஆனால் நாக் குறைவது நன்றாகத் தெரியும். இதற்கும் டியூன் செய்தாக வேண்டும், ஒவ்வொரு முறையும் அளந்து ஊற்ற வேண்டும்.

சரி, பெரிய இன்ஜின். எவோவில் வழக்கமான வழி, 88 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) உள்ள கிராங்க்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) எடுத்துவிட்டு அதே குடும்பத்து 4ஜி64 இன்ஜினின் 100 மில்லிமீட்டர் கிராங்க்கைப் போடுவது. போர் (சிலிண்டரின் விட்டம்) 85.5 மில்லிமீட்டர் என்றால் 2.3 லிட்டர், கிட்டத்தட்ட 15 சதவீதம் கூடுதல். பெரிய டர்போவைச் சில நூறு ஆர்பிஎம் முன்னதாகவே எழுப்பிவிடும், சிக்னலில் இருந்து கிளம்பும்போதே அந்தச் சுகம் தெரியும், எந்தப் பங்கில் போட்டாலும் அது உங்களோடு இருக்கும். எத்தனாலிலும் பூஸ்ட் கொஞ்சம் முன்னதாக வரும்தான், ஆனால் இந்த அளவுக்கு வராது.

இழப்பது மேல் ஆர்பிஎம். 88 ஸ்ட்ரோக்கில் 7500 ஆர்பிஎம் சுற்றும்போது பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. 100 ஸ்ட்ரோக்கில் அதே 22 மீட்டர் 6600-லேயே வந்துவிடும். நல்ல ராடு (பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைப்பது), நல்ல பிஸ்டன் போட்டு இன்னும் மேலே சுற்றலாம், சுற்றுகிறார்கள், ஆனால் 4ஜி63 மேலே போகப் போகப் பாடுமே, அந்தக் குணம் குறைந்துவிடும். அதிர்வும் கூடும். டிராக்கில் 5000-க்குக் கீழே இறங்காமல் ஓட்டுகிறவருக்கு 2.3 தேவையே இல்லை என்பது என் எண்ணம். தினமும் ஊருக்குள் பெரிய டர்போவோடு ஓட்டுகிறவருக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு 2.3 என்பேன்.

இன்னொன்று. உச்ச ஹெச்பி டர்போ தள்ளும் காற்றில் இருந்து வருவது. அதே டர்போ இருக்கும்வரை 2.3 உங்களுக்குத் தருவது நடு ஆர்பிஎம் டார்க் (இழுவிசை), உச்ச எண் பெரிதாக நகராது. டைனோ ஷீட்டைப் பார்த்து ஏமாந்தவர்கள் பெரும்பாலும் இதில்தான் ஏமாந்திருக்கிறார்கள்.

உங்கள் பக்கத்தில் பங்கு இருக்கிறதா என்பதையும் பாருங்கள். மினசோட்டா, அயோவா, இலினாய் என்று சோளம் விளையும் மாநிலங்களில் இ85-க்குப் பஞ்சமில்லை, வேறு பல இடங்களில் அரை மணி நேரம் ஓட்ட வேண்டியிருக்கும். அமெரிக்க எரிசக்தித் துறையின் இணையதளத்தில் பங்குகளின் வரைபடம் இருக்கிறது, பார்த்துவிட்டு முடிவெடுங்கள். குளிர்காலத்தில் மூன்று மாதம் வண்டியை மூடி வைப்பவராக இருந்தால் எத்தனாலை டேங்கில் விட்டுவைக்காதீர்கள், ஈரத்தை இழுக்கும். குளிரில் சின்னச் சின்ன தூரம் ஓட்டுகிறவர்கள் ஆயிலைச் சீக்கிரம் மாற்றுங்கள், எரியாத எத்தனால் ஆயிலில் இறங்கியிருக்கும்.

எனக்குச் சரியாகப் படும் வரிசை இது. இன்ஜின் நல்ல ஆரோக்கியமாக இருந்தால் முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தச் சோதனை) செய்துவிட்டு எத்தனாலுக்குப் போங்கள், டார்க்கை மட்டும் கீழ் ஆர்பிஎம்மில் அடக்கி வைக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் நாக் இல்லை என்ற தைரியத்தில் 3500-லேயே பூஸ்ட்டைக் கொட்டினால் பழைய ராடு வளைந்துவிடும். இன்ஜின் ஏற்கெனவே ஆயில் குடிக்கிறது, எப்படியும் பிரிக்கத்தான் வேண்டும் என்றால் அப்போது 2.3 கட்டுங்கள், எத்தனாலுக்கு வாங்கிய பம்ப்பும் இன்ஜெக்டரும் அதிலும் அப்படியே உதவும். அப்புறம், புது இன்ஜினை முதல் 500 மைல் வெறும் 93-ல், பூஸ்ட் குறைவாக வைத்து ஓட்டுங்கள். பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு பொருந்தி உட்காருவதற்கு முன்னால் எத்தனாலைக் கொட்டினால் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவிவிடும். 500 மைல் ஆனதும் ஆயிலை மாற்றி, மறுபடி கம்ப்ரஷன் பார்த்து எழுதி வைத்துக்கொண்டு, அதன் பிறகு டியூனரிடம் போங்கள்.