யாகிடோரியின் அரிய பாகங்கள்: தேடிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜப்பான் போய் வந்தவர்களிடம், கோழித் துண்டுகளைக் குச்சியில் கோத்துக் கரியில் சுட்டுத் தரும் யாகிடோரிக் கடையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். தொடைக்கறியும் வெங்காயத்தாளும் மாற்றி மாற்றிக் கோத்த நெகிமா, கொத்துக்கறி உருண்டையான சுகுனே என்று இரண்டு பெயர்தான் வரும். இரண்டும் நல்லாத்தான் இருக்கும். ஆனால் ஒரே கோழியை இருபதுக்கும் மேற்பட்ட பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, ஒவ்வொன்றையும் வேறு வேறு பதத்தில் சுடுகிற ஊர் அது. அவ்வளவு தூரம் போய் அவற்றில் அரிதான ஒன்றைக்கூட ருசிக்காமல் யாராவது திரும்பி வந்தால் எனக்கு மனசு ஆறாது. இந்தப் பாகங்களுக்கு அங்கே 'கிஷோ புய்' என்று பெயர். அரிய பாகங்கள் என்று அர்த்தம்.

பெரும்பாலானோர் செய்யும் பெரிய தவறு, எந்தக் கடைக்குப் போனாலும் இவை கிடைக்கும் என்று நினைப்பது. கோழியின் உடம்புக் கணக்கைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். 'சொரிரெசு' என்ற துண்டு, தொடை இடுப்போடு சேரும் இடத்தில், எலும்புக் குழிக்குள் சிப்பி மாதிரி பதுங்கியிருக்கும். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று, அவ்வளவுதான். பெயர் பிரெஞ்சிலிருந்து வந்தது. 'முட்டாள்தான் இதை விட்டுவிட்டுப் போவான்' என்பது பொருள். இதயத்தின் அடியில் ரத்தக்குழாய் சேரும் கொழுப்பான பகுதி 'ஹாட்சுமோட்டோ'. அது கோழிக்கு ஒரு சின்னத் துண்டு. ஒரு குச்சி நிறைய வேண்டுமென்றால் பல கோழிகளைப் பிரித்தாக வேண்டும்.

தொடை தனி, நெஞ்சு தனி என்று பிரித்துக் கட்டிய பொட்டலமாகக் கறி வாங்குகிற கடையில் இதெல்லாம் எப்படி வரும்? முழுக்கோழியாக வாங்கித் தாங்களே பிரிக்கிற கடையைத்தான் தேட வேண்டும். கடையை விசாரிக்கும்போது 'மாருடோரி' (முழுக்கோழி), 'அசாபிகி' (அன்று காலையில் அறுத்தது) என்ற இரண்டு சொற்களைப் பிடித்துக்கொள்ளுங்கள். எந்த ஊர்க் கோழி என்று பெயர் சொல்லி விற்கிற கடையும் நல்ல அடையாளம்தான். டோக்கியோ கின்சாவில் உள்ள பேர்ட் லேண்ட், இபராகி மாநிலத்தின் ஒகுகுஜி ஷாமோ கோழியை வைத்தே பெயர் வாங்கியது.

சோச்சினுக்கு மட்டும் கணக்கு வேறு. சோச்சின் என்றால் காகித விளக்கு. பெட்டைக்கோழியின் வயிற்றில் இன்னும் ஓடு கட்டாத மஞ்சள் கருவையும், அதோடு ஒட்டிய முட்டைக்குழாயையும் சேர்த்துக் கோத்தால், குச்சி நுனியில் கரு விளக்கு மாதிரி தொங்கும். நாட்டுக்கோழி அறுக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கரு புதிதில்லை. குழம்பில் அது யாருக்கு என்று பிள்ளைகள் சண்டை போட்டிருப்பார்கள். கறிக்காக வளர்க்கும் பிராய்லர் ஏழு வாரத்திலேயே கறியாகிவிடுகிறது. முட்டை வைக்கும் வயதை அது எட்டுவதே இல்லை. ஆகவே சோச்சின் முட்டையிடும் கோழியிலிருந்துதான் வர வேண்டும். அதைத் தனியாக ஏற்பாடு செய்து வாங்கும் கடையில்தான் கிடைக்கும். 'கின்கான்' என்று பட்டியலில் பார்த்துவிட்டுச் சோச்சின் என்று நினைத்துவிடாதீர்கள். அது வெறும் கரு மட்டும்.

சோச்சின் சுடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சுடுபவர் குழாய்ப் பகுதியை மட்டும் கரியின் மேல் வைத்து, கருவைக் கனலிலிருந்து தள்ளி வெளியே நிறுத்துவார். குழாய் சுருங்கிப் பொன்னிறமாகும். கரு வெறும் வெதுவெதுப்போடு, மெல்லிய தோலுக்குள் பளபளவென்று ஆடிக்கொண்டிருக்கும். தட்டுக்கு வந்ததும் நான் முதல் தடவை செய்த தவறு, கருவைப் பாதி கடித்தது. சட்டையெல்லாம் மஞ்சள். கருவையும் குழாயையும் ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே உடையும் கருவே கறிக்குச் சாறாகிவிடும்.

அடுத்தது நேரம். பல கடைகள் மாலை ஐந்து மணி வாக்கில் திறக்கின்றன. ஊரெல்லாம் சுற்றிவிட்டு ஒன்பது மணிக்குப் போய் உட்கார்ந்தால் 'உரிகிரே' என்பார்கள், தீர்ந்துவிட்டது என்று. திறக்கும்போதே போய், உட்கார்ந்ததும் "கிஷோ புய் அரிமாசு கா?" என்று கேட்டுவிடுங்கள். அச்சடித்த பட்டியலை மட்டும் நம்பவும் கூடாது. அன்றைக்கு வந்த பாகங்களைப் பலகையில் எழுதியிருப்பார்கள். சில கடைகளில் அதுகூட இருக்காது, கேட்டவருக்குத்தான். கொழுப்பேறி வெளுத்த ஈரலான 'ஷிரோரெபா' எந்தக் கோழியில் இருக்கும் என்பது வயிற்றைத் திறந்தால்தான் தெரியும். அதை எப்படி முன்கூட்டி அச்சடிப்பார்கள்? ஆளுக்கு ஒரு குச்சிதான் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குப் பின்னால் வருபவருக்கும் கிடைக்கட்டும் என்றுதான் அப்படி.

ஒமாகாசே முறையில், அதாவது சுடுபவர் விருப்பத்துக்கே விட்டுவிடும் முறையில், நாம் போதும் என்று சொல்லும்வரை குச்சி குச்சியாக வந்துகொண்டே இருக்கும் கடைகளும் உண்டு. அங்கே ஆரம்பத்திலேயே பியரையும் பக்க உணவையும் வயிற்றில் நிரப்பிக்கொண்டு ஆறாவது குச்சியில் கையெடுத்துக் கும்பிட்டால் நஷ்டம் நமக்குத்தான். எனக்குப் பிடித்த பல துண்டுகள் அதற்கு அப்புறம்தான் வந்திருக்கின்றன.

பெயர்க் குழப்பத்தாலும் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். இரைப்பைத் துண்டு டோக்கியோவில் 'சுனாகிமோ'. மேற்கே போனால் 'சுனாசுரி', சில இடங்களில் வெறும் 'சுரி'. இதயம் டோக்கியோவில் 'ஹாட்சு', ஒசாகா பக்கம் 'கொகோரோ'. வால் நுனியான 'போன்ஜிரி'யை 'போன்போச்சி' என்பார்கள், 'சன்காகு' என்றும் சொல்வார்கள். போன்ஜிரி இப்போது பல இடங்களில் கிடைக்கிறது, ஆனால் கடையின் தரத்தை அதில் பார்த்துவிடலாம். வாலில் ஒரு எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. அதைச் சுத்தமாக வெட்டி எடுத்திருந்தால் கொழுப்பு இனிக்கும், சோம்பல்பட்டிருந்தால் முதல் கடியிலேயே வாடை காட்டிக்கொடுத்துவிடும்.

யாகிடோரி என்ற பலகையைப் பார்த்ததுமே கோழி என்று முடிவுகட்டுவதும் தவறு. 'டோரி' பறவையைத்தான் குறிக்கிறது. ஆனாலும் ஹொக்கைடோவின் முரோரானில் அந்தப் பெயரில் வருவது வெங்காயத்தோடு கோத்த பன்றிக்கறி, தொட்டுக்கொள்ளக் கடுகு விழுது. சைதாமாவின் ஹிகாஷிமட்சுயாமாவிலும் பன்றிதான், காரமான மிசோ, அதாவது புளிக்கவைத்த சோயா விழுது, தடவித் தருவார்கள். இமாபாரியில் கோழிதான், ஆனால் குச்சியே இல்லாமல் இரும்புக்கல்லில் அழுத்திச் சுடுகிறார்கள். உள்ளுறுப்பு பிடித்தவர்கள் போக வேண்டியது ஹொக்கைடோவின் பிபாய். ஈரல், இதயம், இரைப்பை, கின்கான் எல்லாம் அங்கே ஒரே குச்சியில் வரிசையாக வரும்.

சாப்பிடும்போது எல்லாவற்றுக்கும் தாரே, அதாவது இனிப்பான சோயா சாறு, கேட்காதீர்கள். சொரிரெசு, கழுத்துக்கறியான செசெரி போன்றவற்றுக்கு உப்பே போதும். சந்தேகமாக இருந்தால் சுடுபவரிடம் விட்டுவிடுங்கள். துண்டுகளைக் குச்சியிலிருந்து உருவித் தட்டில் கொட்டிப் பங்கு போடுவதும் வேண்டாம். 'குச்சி கோக்க மூன்று வருடம், சுட ஆயுள் முழுக்க' என்று அந்தத் தொழிலில் ஒரு சொல் உண்டு. துண்டின் அளவும் அடுக்கும் உப்பும் குச்சியிலிருந்து கடித்துச் சாப்பிடுவதற்காகவே பார்த்துப் பார்த்து அமைத்தவை. பங்கு வேண்டுமென்றால் இன்னொரு குச்சி வாங்கிக்கொள்ளலாம்.

கடைசித் தவறு உடம்பைப் பாதிப்பது. அரிய பாகம் என்ற ஆசையில் ஈரலையோ இதயத்தையோ அரைவேக்காட்டில் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாட்டு ஈரலைப் பச்சையாக விற்க ஜப்பான் 2012-இல் தடை போட்டது, பன்றிக்கு 2015-இல். கோழிக்கு நாடு தழுவிய தடை இல்லாததால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடக் கூடாது. கோழிக்கறியில் கேம்பிலோபாக்டர் என்ற கிருமி சாதாரணமாகவே இருக்கும். அன்று காலையில் அறுத்த கோழி என்றாலும் அது போய்விடாது. வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். அபூர்வமாக, கைகால் செயலிழக்கும் கில்லன் பாரே நோய் வரைகூடப் போகலாம். உள்வரை 75 டிகிரியில் ஒரு நிமிடம் வெந்தால் கிருமி செத்துவிடும். ஈரலோ இதயமோ கேட்கும்போது "யோகு யாகிதே குதாசாய்" என்று சேர்த்துச் சொல்லுங்கள், நன்றாகச் சுட்டுத் தாருங்கள் என்று அர்த்தம். பிள்ளைகளோ கர்ப்பிணிகளோ கூட வந்திருந்தால் கருவும் கெட்டியாகும்வரை வேகட்டும்.