காட்டுக்குப் போகும் முன் வாங்க வேண்டிய ஷூ

மலேசியாவின் தாமான் நெகாரா காட்டுக்குக் கிளம்புமுன் கோலாலம்பூரில் ஓரிரு நாள் கிடைத்தால், ஏதாவது ஒரு ஹார்ட்வேர் கடையில் ‘அடிடாஸ் கம்போங்’ இருக்கிறதா என்று கேளுங்கள். பெயரில் மட்டும்தான் அடிடாஸ். அந்தக் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ரப்பர் தோட்டத் தொழிலாளர்கள் போடும் கறுப்பு ரப்பர் ஷூ, அடியில் குமிழ் குமிழாக இருக்கும். சேற்றில் நல்ல பிடி. ஓடையில் இறங்கி ஏறினாலும் தண்ணீரைக் குடித்துக் கனக்காது. விலையும் மலிவு.

உள்ளே மெத்தை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. அதனால் தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்குங்கள். வாங்கிய அன்றே தெருவில் ஒரு மணி நேரம் நடந்துவிடுங்கள், எங்கே உரசுகிறது என்று தெரிந்துவிடும். நான் நேராகக் காட்டில்தான் போட்டேன். இரண்டாம் நாள் நொண்டிக்கொண்டு நடந்தேன்.

அப்புறம் ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சி. அதற்கென்றே முழங்கால் வரை வரும், நெருக்கமாக நெய்த துணி உறை கிடைக்கிறது. பேண்டை அதற்குள் செருகிக் கட்டிவிட வேண்டும். சாதாரண சாக்ஸ் என்றால் இழை வழியாகவே உறிஞ்சும்.

ரொக்கத்தை நகரத்திலேயே எடுத்துக்கொள்ளுங்கள். தேவையில்லாத மூட்டையைத் தங்கும் விடுதியிலேயே விட்டுவிட்டுப் போகலாம், பெரும்பாலும் வைத்துக்கொள்வார்கள்.