வாயு கரைதிறன் அளக்கும் முன் கரைப்பானில் உள்ள காற்றை வெளியேற்றுங்கள்

ஹெக்சேன், டொலுவீன் போன்ற கரிமத் திரவங்களில் ஒரு வாயு எவ்வளவு கரைகிறது என்று அளக்கப் போகிறீர்களா? முதலில் அதில் ஏற்கெனவே கரைந்திருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். பெரும்பாலான பிழை இங்கேதான் தொடங்குகிறது. காற்றுபட்ட ஹெக்சேனில் தண்ணீரில் இருப்பதைப் போல் சுமார் 10 மடங்கு ஆக்சிஜன் இருக்கும்!

குடுவையைத் திரவ நைட்ரஜனில் உறைய வைத்து, வெற்றிடப் பம்பால் உறிஞ்சி, வால்வை மூடி உருக விடுங்கள். உருகும்போது குமிழ்கள் மேலே வருவது கண்ணுக்கே தெரியும். குமிழ் நிற்கும்வரை, குறைந்தது மூன்று முறை செய்யுங்கள். குளிரில் இருக்கும்போது காற்று உள்ளே போகவே கூடாது. திரவ ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும் ஆபத்து உண்டு.

அப்புறம், அளக்க வேண்டிய வாயுவை உள்ளே விட்டதும், மொத்த அழுத்தத்திலிருந்து கரைப்பானின் ஆவியழுத்தத்தைக் (கரைப்பானின் ஆவி தரும் அழுத்தம்) கழிக்க மறக்காதீர்கள். 25 டிகிரி செல்சியசில் அசிட்டோனின் ஆவியழுத்தம் மட்டுமே சுமார் 230 மில்லிமீட்டர் பாதரசம். மொத்த அழுத்தத்தை அப்படியே ஹென்றி விதியில் (கரையும் வாயுவின் அளவு அந்த வாயுவின் அழுத்தத்துக்கு நேர்விகிதம் என்ற விதி) போட்டால் விடை தப்பாகிவிடும்.

நன்றாகக் கலக்கிக்கொண்டே இருங்கள். வெப்பநிலை மாறாமல், அழுத்தமானி முள் அரை மணி நேரம் அசையாமல் நின்றால் சரி, குறித்துக்கொள்ளலாம்.