நம் ஊரின் இரண்டு மழைக்கும் ஆர்க்கிட் வளர்க்கும் முறை

சென்னைக்காரர்கள் சொல்லும் ஆர்க்கிட் பராமரிப்பை அப்படியே நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் செய்தால் செடி தாங்காது. அவர்களுக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். நமக்கு ஜூனில் தென்மேற்கு மழை பிடித்து, அது ஓய்ந்து கொஞ்ச நாளில் வடகிழக்கு மழை தொடங்கி டிசம்பர் வரை இழுக்கும். அதிலும் குலசேகரம், திற்பரப்பு பக்கம் ஈரம் காயவே காயாது, ஆரல்வாய்மொழியிலோ ஆடிக்காற்று மழைக்காலத்திலேயே தொட்டியை உலர்த்திவிடும். அதனால் மாதத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றாமல் வேரைப் பார்த்து ஊற்றுங்கள். வேர் வெள்ளி நிறத்தில் வெளுத்திருந்தால் தாகம், பச்சையாக இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. பழுப்பாகி, அமுக்கினால் தோல் கழன்று உள்ளே நார் மட்டும் மிஞ்சினால் அந்த வேர் போய்விட்டது, வெட்டிவிடுங்கள்.

மே கடைசிக்குள் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு. கதம்பை, அதாவது தேங்காய் மட்டைத் துண்டில் நட்ட செடிகளைப் பாருங்கள். பழைய கதம்பை பஞ்சு மாதிரி தண்ணீரைப் பிடித்து வைக்கும், வேர் அழுகுவது பெரும்பாலும் அங்கேதான். மக்கியிருந்தால் தட்டிவிட்டு அடுப்புக்கரியும் ஓட்டுத்துண்டும் போட்டு மாற்றுங்கள். வாண்டா வகை ஆர்க்கிட்டுக்கு அதுவும் வேண்டாம், கூடையில் வெறும் வேரோடு தொங்கட்டும்.

மழை பிடித்த பிறகு டென்ட்ரோபியம், வாண்டா இரண்டும் நல்ல காற்றோட்டம் இருந்தால் திறந்த வெளியில் ஓரளவு தாங்கும். ஃபலனாப்சிஸ் தாங்காது. அதன் நடுக்குருத்தில் தண்ணீர் ராத்திரி முழுக்க நின்றால் குருத்து கறுத்து, லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். அதைக் கூரை இறவாணத்துக்கு உள்பக்கமாக, இலை சரிந்து தொங்கும்படி சாய்த்துக் கட்டுங்கள். நிழல்வலை மழையைத் தடுக்காது, மேலே பாலித்தீன் ஷீட் போட்டால் பக்கங்களைத் திறந்தே விடுங்கள், மூடினால் புழுக்கத்திலேயே பூஞ்சை வரும்.

இலையில் கறுப்புப் புள்ளி தண்ணீர் கோத்ததுபோல் பரவினால் சுடவைத்த கத்தியால் நல்ல பாகத்தோடு சேர்த்து வெட்டி, வெட்டிய இடத்தில் இலவங்கப்பட்டைப் பொடி தடவுங்கள் (வேரில் படக்கூடாது, காய்ந்துவிடும்). தாமிரம் கலந்த மருந்தை டென்ட்ரோபியத்துக்கு நான் அடிக்கமாட்டேன், இலை கருகும். ராத்திரி டார்ச்சோடு ஒரு சுற்று வந்தால் நத்தைகள் சிக்கும்.

உரம்? அடைமழையில் போட்டால் ஓடைக்குத்தான் போகும். செப்டம்பர் இடைவெளியில் வெயில் பார்த்து 19:19:19 உரத்தை (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ளது) லிட்டருக்கு 1 கிராம் கலந்து, முதலில் வேரை நனைத்துவிட்டுத் தெளியுங்கள். கூரைக்கு அடியில் இருப்பவற்றுக்கு மழைநாளிலும் தண்ணீர் தேவைப்படும், பலரும் மறந்துபோவது இதைத்தான்.

ஜனவரி முதல் மார்ச் வரை காலையில் ஊற்றினால் போதும். கடலோரத்தில் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருந்தால், வடகிழக்கு மழையிலேயே நாலு டிரம் பிடித்து, கொசு புகாமல் மூடி வையுங்கள்.