முதல் கேள்வி: ‘உங்களைப் பத்திச் சொல்லுங்க’

கோவை கணபதியில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். ஆள் எடுக்கும் நாட்களில் ஹெச்ஆர் மேஜைக்குப் பக்கத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போடுவார்கள். சிஎன்சி (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் மெஷின்) ஆபரேட்டர், இன்ஸ்பெக்டர், டிப்ளமோ டிரெய்னி என்று ஏழெட்டு வருடமாகப் பலரையும் எதிரில் உட்காரவைத்துக் கேட்டிருக்கிறேன். கைவேலை நன்றாகத் தெரிந்த பிள்ளைகள், முதல் இரண்டு நிமிடத்தில் தங்களைப் பற்றிச் சொல்லத் தெரியாமல் வாய்ப்பை விட்டுவிட்டுப் போகிறார்கள். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தார். ஐடிஐயில் டர்னர் (லேத்தில் கடையும் வேலை), பிறகு ஒரு வருடம் அப்ரண்டிஸ், மூன்று வருடம் வேலை. ‘உங்களைப் பத்திச் சொல்லுங்க’ என்றதும் கையைக் கட்டிக்கொண்டு ‘மைசெல்ஃப்’ என்று ஆரம்பித்தார். அப்பா பெயர், அம்மா பெயர், அப்பா விவசாயம், ஒரு தங்கை, பொழுதுபோக்கு கிரிக்கெட். நடுவில் ஒரு ஆங்கிலச் சொல் மறந்துபோக, அப்படியே நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வியர்வை. தண்ணீர் கொடுத்துவிட்டு, ‘சரி தம்பி, இங்கிலீஷை விடுங்க. நேத்து என்ன ஜாப் ஓட்டுனீங்க?’ என்று கேட்டேன்.

முகமே மாறிவிட்டது. ‘எஸ்எஸ் 410 ஷாஃப்ட்டுங்க மேடம். 6305 பேரிங் உட்கார்ற இடம். 25 மில்லி ஃபினிஷ், அதுல கிரைண்டிங்குக்கு 0.3 மில்லி விட்டு டர்னிங் பண்ணணும். கூட விட்டா கிரைண்டிங்ல நேரம் போகும், குறைச்சு விட்டா டூல் மார்க் போகாது. நாப்பது பீஸுக்கு ஒருக்கா இன்சர்ட் திருப்பிருவேனுங்க. டெயில்ஸ்டாக் சரியாப் பிடிக்கலேன்னா சாட்டர் வரும், சத்தத்துலயே தெரிஞ்சுரும்.’ (எஸ்எஸ் 410 ஒரு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். லேத்தில் கடைவது டர்னிங், மிச்சம் விட்ட 0.3 மில்லிமீட்டரை அரைத்துச் சரியான அளவுக்குக் கொண்டுவருவது கிரைண்டிங். இன்சர்ட் என்பது வெட்டும் முனை, டெயில்ஸ்டாக் என்பது ஷாஃப்ட்டின் மறுமுனையைத் தாங்கும் பிடி, சாட்டர் என்பது அதிர்வு.) கை மேஜையின் மேல் ஷாஃப்ட்டையே பிடித்திருப்பது போல அசைந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் கிரைண்டிங் முடிந்தபின் எங்களுக்குக் கிடைக்கும் டாலரன்ஸ், அதாவது அளவு அப்படி இப்படிப் போகலாம் என்கிற வித்தியாசம், 13 மைக்ரான்தான் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 13 பங்கு). அடுத்த பிரிவுக்காரருக்கு என்ன கஷ்டம் வரும் என்று யோசித்து வேலை செய்கிற ஆள் இவர் என்பது எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். நான் இழுத்துப் பிடித்துக் கேட்டதால் வெளியே வந்தது. எல்லா மேஜையிலும் அப்படிக் கேட்பார்கள் என்று சொல்ல முடியாது.

சுய அறிமுகத்தைப் பயோடேட்டாவை வாசிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தாள் எங்கள் கையில்தான் இருக்கிறது. எதிரில் இருப்பவர் அடுத்து என்ன கேட்கவேண்டும் என்பதை நீங்கள் தீர்மானிக்கக்கூடிய ஒரே நேரம் அந்த ஒன்றரை நிமிடம்தான். கிரிக்கெட் என்றால் கிரிக்கெட்டைப் பற்றித்தான் கேட்போம். ‘பேரிங் சீட்டுக்கு 0.3 விடுவேன்’ என்றால், ஏன் 0.3, எதில் அளப்பீர்கள், அளவு தாண்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்போம். அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த விஷயம். உங்கள் வீட்டு முற்றத்தில் எங்களை உட்காரவைத்துப் பேசுவது போல.

அதனால் இப்போது செய்யும் வேலையில் தொடங்குங்கள். பிறகு அதற்கு முந்திய வேலை, கடைசியில் படிப்பு. பள்ளிக்கூடத்திலிருந்து ஆரம்பித்தால் வேலைக்கு வந்து சேர்வதற்குள் கேட்பவரின் கவனம் போய்விடும். அந்தத் தம்பியின் விஷயத்தையே இப்படிச் சொல்லலாம்:

‘வணக்கம்ங்க. நான் பம்ப் பாகங்கள் செய்யற கம்பெனியில மூணு வருஷமா சிஎன்சி டர்னிங் ஆபரேட்டரா இருக்கேன். ஃபனக் கன்ட்ரோல் மெஷின். பெரும்பாலும் எஸ்எஸ் 410 ஷாஃப்ட், ஷிஃப்ட்டுக்கு 70 பீஸ் வரும். பேரிங் சீட்டுல கிரைண்டிங்குக்கு 0.3 விட்டு எடுப்பேன். ஆஃப்செட் நானே கொடுப்பேன், இன்சர்ட் நானே மாத்துவேன். புரோகிராம் புதுசா எழுதத் தெரியாது, இருக்கறதுல சின்னத் திருத்தம் பண்ணுவேன். அதுக்கு முன்னாடி ஒரு வருஷம் அப்ரண்டிஸ். ஐடிஐ டர்னர் படிச்சேன். அங்க செட்டிங் வேலைக்கு எங்களை விடமாட்டாங்க. இங்க ஆபரேட்டரே செட்டிங் பண்ணணும்னு கேள்விப்பட்டேன், அதைக் கத்துக்கத்தான் வந்தேன். கிணத்துக்கடவுல இருந்து வர்றேன், காலை 6 மணி ஷிஃப்ட்டுக்கும் வந்துருவேன்.’

பெயரையும் சேர்த்துக்கொண்டால் அவ்வளவுதான். (ஃபனக் என்பது மெஷினை இயக்கும் கன்ட்ரோலரின் பெயர். ஆஃப்செட் என்பது டூல் தேய்வதற்கு ஏற்ப அளவைத் திருத்துவது. செட்டிங் என்பது அடுத்த ஜாபுக்கு மெஷினைத் தயார் செய்வது.) ஊரைச் சொல்வது எங்களுக்கு முக்கியம், ஆனால் அதற்குக் காரணம் உறவு விசாரிப்பது இல்லை. 6 மணி ஷிஃப்ட்டுக்கு வந்துசேர முடியுமா, இரவு 10 மணிக்கு முடிந்தால் பஸ் கிடைக்குமா என்பதுதான் எங்கள் கவலை. அதற்குப் பதிலை நீங்களே சேர்த்துச் சொல்லிவிட்டால் எங்களுக்கு ஒரு கேள்வி மிச்சம். அப்பா, அம்மா, தங்கை எல்லாம் கேட்டால் சொல்லலாம்.

‘புரோகிராம் எழுதத் தெரியாது’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது, பார்த்தீர்களா? அதைச் சொல்லப் பயப்படவேண்டாம். தெரியாத ஒன்றைத் தெரியாது என்றவர், தெரியும் என்று சொல்வதை நான் நம்புவேன். என் மேஜை டிராயரில் ஒரு மைக்ரோமீட்டரும் பழைய ஷாஃப்ட் துண்டு ஒன்றும் எப்போதும் இருக்கும். ‘எல்லா இன்ஸ்ட்ருமென்ட்டும் தெரியும் மேடம்’ என்பவரிடம் இரண்டையும் நகர்த்தி வைப்பேன். ஒருவர் நேராக ஷாஃப்ட்டைப் பிடித்து, திம்பிளை (மைக்ரோமீட்டரின் சுற்றும் உருளையை) இறுக்கித் திருகி, ஒரு அளவைச் சொல்வார். இன்னொருவர் முதலில் மைக்ரோமீட்டரின் இரண்டு முகத்தையும் ஒரு தாளால் துடைப்பார், மூடிப்பார்த்து ஜீரோ சரியாக இருக்கிறதா என்று கவனிப்பார், பிறகு ராட்செட்டை (அழுத்தம் அதிகமாகாமல் காக்கும் கடைசித் திருகை) மட்டும் திருப்பி அளப்பார், துண்டைச் சுற்றி இரண்டு மூன்று இடத்தில் அளப்பார். அவர் அளவைச் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும். எனவே அறிமுகத்தில் உங்கள் கைக்குத் தெரிந்த கருவியின் பெயரை மட்டும் சொல்லுங்கள். வெர்னியர் மட்டும்தான் தெரியும் என்றால் வெர்னியர் மட்டும்.

அப்புறம் ஒரு சொல் பற்றிச் சொல்லவேண்டும். நம் ஊரில் ‘நான் செஞ்சேன்’ என்று சொல்லக் கூச்சப்படுவோம். தற்பெருமை மாதிரி இருக்கும் என்று ‘பண்ணுனோமுங்க’ என்போம். அது நல்ல பழக்கம்தான், ஆனால் இன்டர்வியூவில் அது உங்களை மறைத்துவிடுகிறது. ‘ரிஜெக்ஷனைக் குறைச்சோம்’ என்றால் எட்டுப் பேரில் நீங்கள் எது செய்தீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? ‘செஞ்சோம்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு, உடனே உங்கள் பங்கைப் பிரித்துச் சொல்லுங்கள்: ‘எங்க லைன்ல போர், அதாவது துளை, ஓவர்சைஸ் ஆகிட்டே இருந்துச்சு. மணிக்கு ஒருதடவை போர் கேஜ்ல அளந்து நோட்ல எழுதினது நான். டீ பிரேக் முடிஞ்சு மெஷின் ஓட்டற முதல் நாலஞ்சு பீஸ்லதான் அளவு மாறுதுன்னு அதுல தெரிஞ்சது. சூப்பர்வைசர்கிட்ட காட்டினேன். அவர் வார்ம்-அப் ஓட்டவச்சார்.’ சூப்பர்வைசருக்கு உரியதை அவருக்குக் கொடுத்திருக்கிறீர்கள், உங்களுக்கு உரியதையும் விடவில்லை. இதில் பெருமை எங்கே இருக்கிறது?

எண்களைச் சொல்லும்போது நீங்களே எண்ணிய எண்ணைச் சொல்லுங்கள். ஷிஃப்ட்டுக்கு எத்தனை பீஸ், என்ன மெட்டீரியல், எத்தனை மைக்ரான். ‘உற்பத்தியை 40 சதவீதம் உயர்த்தினேன்’ என்று ஒரு தாளில் அச்சடித்திருந்தது. எதிலிருந்து எதற்கு என்று கேட்டேன். அந்தப் பெண் குனிந்துகொண்டார். கம்ப்யூட்டர் சென்டரில் பயோடேட்டா அடித்துக் கொடுத்தவர் போட்ட வரியாம் அது. உங்கள் பயோடேட்டாவில் உங்களுக்கே விளக்கத் தெரியாத வரி இருந்தால், முதல்நாள் இரவே நீக்கிவிடுங்கள்.

இந்த ஊரில் புதிதாகப் படித்து முடித்து வருகிறவர்கள் செய்கிற ஒரு காரியம் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. டிப்ளமோ முடித்த ஒரு பெண்ணிடம் அனுபவம் உண்டா என்றால் ‘இல்லீங்க மேடம், ஃப்ரெஷர்’ என்றார். காலேஜ் புராஜெக்ட்டைப் பற்றி மனப்பாடம் செய்ததைச் சொன்னார். விரல் நுனியில் பழைய வெட்டுத் தழும்பு இருந்தது. என்ன அது என்றேன். ‘எங்கப்பா சின்னதா லேத் பட்டறை வச்சிருக்காருங்க. லீவுல கூட நிப்பேன். சுருள் எடுக்கறப்ப கிழிச்சது.’ ஆறு வருடம் லீவு நாளெல்லாம் லேத்தில் நின்ற பெண், தன்னை அனுபவம் இல்லாதவர் என்கிறார். பட்டறை என்றால் குறைவாக நினைப்பார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். கோவையின் பம்ப் தொழிலே இப்படிப்பட்ட சின்னப் பட்டறைகளின் மேல்தான் நிற்கிறது. சம்பளம் வாங்கவில்லை என்பதால் அது வேலை இல்லை என்று ஆகாது. ‘அப்பாவின் பட்டறையில் லேத்தில் ஃபேசிங், டர்னிங், டிரில்லிங் செய்வேன், த்ரெட்டிங் அப்பா பக்கத்தில் இருந்தால் செய்வேன்’ என்று அளவாகச் சொன்னால் போதும். அப்ரண்டிஸாக இருந்தது, இன்பிளான்ட் டிரெய்னிங் போனது எல்லாமும் அப்படித்தான். எந்த மெஷினுக்குப் பக்கத்தில் நின்றீர்கள், உங்கள் கை எதைத் தொட்டது என்று சொல்லுங்கள்.

வேலையில் இடைவெளி இருந்தால் என்ன சொல்வது? இதை என் வாழ்க்கையிலிருந்தே சொல்கிறேன். 2004இல் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து இன்ஸ்பெக்ஷனில் சேர்ந்தேன். 2009இல் முதல் குழந்தை. அதன்பின் ஐந்து வருடம் வேலைக்குப் போகவில்லை. மறுபடி போன முதல் இன்டர்வியூவில் ‘இந்த அஞ்சு வருஷம்?’ என்றபோது ‘சும்மா வீட்லதான் சார் இருந்தேன்’ என்று சொல்லிவிட்டேன். அவர் ஃபைலை மூடிவிட்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த ‘சும்மா’தான் உறுத்தியது. இரண்டு குழந்தைகளை வளர்த்தது எப்படிச் சும்மா ஆகும்?

அடுத்த இடத்தில் அவர்கள் கேட்பதற்கு முன் நானே சொன்னேன்: ‘2009இலிருந்து 2014 வரை குழந்தைகளுக்காக வேலையை விட்டிருந்தேன். இப்போது அம்மா எங்களோடு இருக்கிறார்கள், அதனால் பொது ஷிஃப்ட்டுக்குத் தவறாமல் வரமுடியும். அதற்கு முன் ஐந்து வருடம் இன்கமிங் இன்ஸ்பெக்ஷன், வார்ப்பு பாகங்கள். டிராயிங் வாசிப்பது மறக்கவில்லை, வேண்டுமானால் ஒன்று கொடுங்கள்.’ ஒரு டிராயிங்கைக் கொடுத்தார்கள். வாசித்தேன். இடைவெளியைப் பற்றி மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை. காரணம் ஒரு வரி, இப்போதைய ஏற்பாடு ஒரு வரி, உடனே வேலைக்கு வந்துவிடவேண்டும். உடம்பு சரியில்லாமல் இருந்தாலும், அப்பாவைப் பார்த்துக்கொண்டாலும், வெளிநாடு போய்த் திரும்பினாலும் இதே மாதிரிதான். மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம்.

இடைவெளியை மறைக்கத் தேதியை நீட்டவும் வேண்டாம். பிஎஃப்புக்கு 2014இல் யூஏஎன் (வேலை மாறினாலும் மாறாத ஒரே எண்) வந்தபிறகு, எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது அந்தக் கணக்கிலேயே தெரியும். இதில் இன்னொரு சிக்கல் உண்டு. பெரிய தொழிற்சாலைக்குள் வேலை பார்த்திருப்பீர்கள், ஆனால் சம்பளமும் பிஎஃப்பும் ஒப்பந்ததாரர் பெயரில் வந்திருக்கும். தொழிற்சாலையின் பெயரை மட்டும் சொன்னால், சரிபார்க்கும்போது நீங்கள் பொய் சொன்னது போலத் தெரியும். ‘இன்ன ஒப்பந்ததாரர் மூலமா அந்தத் தொழிற்சாலையில அசெம்ப்ளி லைன்ல இருந்தேன்’ என்று சொல்லிவிடுங்கள். செய்த வேலை உங்களுடையது, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பழைய இடத்தை ஏன் விட்டீர்கள் என்பதை அறிமுகத்தில் நீங்களாக எடுக்கவேண்டாம். கேட்டால் உண்மையான காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். சம்பளம் போதவில்லை என்பதும் காரணம்தான்.

மொழியைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். எங்களைப் போன்ற இடங்களில் ‘தமிழ்ல சொல்லலாங்களா?’ என்று நேராகக் கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார்கள். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் போகிறவர்கள், இப்போதைய வேலை, மெஷின், அனுபவம் என்று மூன்றே வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொந்தமாக அமைத்துக்கொள்ளுங்கள். ‘மைசெல்ஃப்’ வேண்டாம், ‘ஐ ஆம்’ என்று தொடங்குங்கள். மீதியைக் கலந்து பேசலாம். முழுப் பத்தியை மனப்பாடம் செய்தால் ஒரு சொல் நழுவினாலும் எல்லாம் நழுவும், அந்தத் தம்பிக்கு நடந்தது அதுதான்.

முதல்நாள் இரவு ஒரு சின்னத் தாளில் ஐந்தாறு சொல் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்: இப்போதைய வேலை, மெஷின், மெட்டீரியல், ஒரு சம்பவம், ஏன் இங்கே, ஷிஃப்ட். அதை வைத்து வீட்டில் யாரிடமாவது சொல்லிப்பாருங்கள். மெஷினைப் பார்த்தே இராத அம்மாவிடம் சொன்னால் இன்னும் நல்லது. அவருக்கு நீங்கள் என்ன வேலை செய்கிறீர்கள் என்று புரிந்தால் ஹெச்ஆருக்கும் புரியும். போனில் பதிவு செய்து ஒருமுறை கேளுங்கள். இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் படிப்புப் பக்கத்தில் வெட்டுங்கள், வேலைப் பக்கத்தில் கை வைக்கவேண்டாம்.

சொல்லி முடித்ததும் நிறுத்திவிடுங்கள். நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்போம். அது நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொள்ளும் நேரம். அந்த அமைதிக்குப் பயந்து, ‘அப்புறம்... பொழுதுபோக்கு வந்து...’ என்று நிரப்ப வேண்டாம். எங்கள் பேனா நிற்கட்டும். அடுத்த கேள்வி வரும்.