சுற்றுவதெல்லாம் அனிமேஷன் ஆகாது: மூலக்கூறு வீடியோவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் உயர்தர (ஏ/எல்) உயிரியல் படிப்பிக்கிற ஆசிரியர்கள் சிலர் மூலக்கூறு வீடியோக்களைத் தாங்களே செய்து மாணவர்களின் வட்ஸ்அப் குழுக்களில் போடுகிறார்கள். தமிழில் படிக்கிற பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி, அதனால்தான் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன்: பல வீடியோக்களில் மூலக்கூறு வெறுமனே சுற்றுகிறது, பார்த்து முடித்த பிள்ளையிடம் என்ன நடந்தது என்று கேட்டால் பதில் வராது. மென்பொருளைத் திறக்க முன்பே, இதில் எது மாறப் போகிறது என்று ஒரே வசனத்தில் எழுதிப் பாருங்கள். எழுத வரவில்லையா, ஒரு நல்ல படம் போதும்.

இரத்தத்தில் ஒட்சிசனைக் காவுகிற புரதமான ஈமோகுளோபினையே எடுப்போம். ஒட்சிசன் இல்லாதபோது இரும்பு அணு, அதைத் தாங்குகிற தட்டையான வளையமான ஈமின் தளத்தைவிட்டு ஏறத்தாழ 0.4 அங்ஸ்ட்ரோம் (ஒரு அங்ஸ்ட்ரோம் என்பது நானோமீற்றரில் பத்தில் ஒன்று) தள்ளி நிற்கும். ஒட்சிசன் பிணைந்ததும் அது தளத்துக்குள் வரும், வரும்போது தன்னோடு பிணைந்த ஹிஸ்டிடீன் என்ற அமினோ அமிலத்தையும் அது இருக்கிற புரதச் சுருளையும் சேர்த்து இழுக்கும், கடைசியில், நான்கு சங்கிலிகளில் ஒரு ஆல்பா-பீட்டா சோடி மற்றச் சோடியைச் சார்ந்து சுமார் 15 பாகை திரும்பிவிடும். இவ்வளவு அருமையான சங்கதியை வைத்துக்கொண்டு, முழுப் புரதத்தையும் மேற்பரப்பால் மூடிச் சுற்றவிட்டால் என்ன தெரியும்? 5, 6 நானோமீற்றர் அகலமான மூலக்கூறில் அந்த 0.4 அங்ஸ்ட்ரோம் கண்ணில் படவே படாது. ஈமுக்குக் கிட்டப் போங்கள், கமெராவை நிறுத்துங்கள், அப்புறம் இரும்பை அசைய விடுங்கள். அது முடிந்த பிறகு வெளியே வந்து 15 பாகைத் திருப்பத்தைக் காட்டலாம். கமெராவும் மூலக்கூறும் ஒன்றாக அசைந்தால் எது அசைந்தது என்றே புரியாது.

இதைவிட மோசமான தவறு, பாதி மூலக்கூறைக் காட்டுவது. மூலக்கூறு வடிவங்களைச் சேர்த்து வைத்திருக்கிற புரதத் தரவு வங்கியில் (PDB) ஒட்சிசன் ஏறிய மனித ஈமோகுளோபின் 1எச்எச்ஓ (1HHO) என்ற கோப்பில் இருக்கிறது. அதை அப்படியே திறந்தால் வருவது இரண்டு சங்கிலிகள்தான், ஏனென்றால் பளிங்கின் சமச்சீரால் மற்ற இரண்டையும் பெற்றுக்கொள்ளலாம் என்பதால் கோப்பில் அவை இல்லை. ஒட்சிசன் இல்லாத 2எச்எச்பி (2HHB) கோப்பிலோ நான்கும் இருக்கும். இரண்டையும் ஒப்பிட முன் உயிரியல் தொகுப்பை, அதாவது நான்கு சங்கிலிகளும் சேர்ந்த முழு மூலக்கூறை, உருவாக்கியே ஆகவேண்டும். மூலக்கூறுகளைக் காட்டுகிற மென்பொருளான கைமேராஎக்ஸில் (ChimeraX) கோப்பைத் திறந்ததும் ‘லொக்’ (Log) பகுதியில் அதற்கான இணைப்பு வரும், பலர் அதைக் கவனிப்பதே இல்லை.

பிறகு மோர்ஃப். தொடக்க வடிவத்துக்கும் முடிவு வடிவத்துக்கும் இடையில் மென்பொருள் கணக்குப் போட்டு நிரப்புகிற பாதை அது, மூலக்கூறு உண்மையில் போகிற பாதை அல்ல. வீடியோவிலேயே ஒரு வரியில் அதைச் சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் கண்ணால் கண்டதை அப்படியே நம்புவார்கள்.

நிறத்தில் காபன் சாம்பல், நைதரசன் நீலம், ஒட்சிசன் சிவப்பு என்ற வழக்கத்தை மாற்றாதீர்கள். ஆனால் எல்லா அணுவுக்கும் நிறம் பூசவும் வேண்டாம். கதையில் வருகிற அணுக்களுக்கு மட்டும் நிறம், மற்றதெல்லாம் மங்கலாக இருக்கட்டும். பைமோல் (PyMOL) என்ற மற்ற மென்பொருளில் சின்னச் சின்னச் சிவப்புக் குறிகளாகச் சிதறிக் கிடக்கும் நீர்மூலக்கூறுகளை, அவை கதைக்குத் தேவையில்லை என்றால், மறைத்துவிடுங்கள்.

வேகத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பிரேமுக்கு ஒரு பாகை, செக்கனுக்கு 25 பிரேம் என்று வைத்தால் முழுச் சுற்றுக்கு 14 செக்கன் சொச்சம் ஆகும், அது சரியான வேகம். அதைவிட, முழுதாகச் சுற்றாமல் இடமும் வலமும் கொஞ்சம் ஆட்டிக் காட்டினால் பார்ப்பவர் பார்த்த இடத்தைத் தவறவிடமாட்டார். கைமேராஎக்ஸில் கட்டளைகளை எழுதி ஓடவிடுபவர்கள், சுழற்சிக் கட்டளைக்குப் பின்னால் அதே பிரேம் எண்ணிக்கையில் ‘வெயிட்’ (wait) கட்டளை போட மறக்கவேண்டாம், போடாவிட்டால் சுழற்சி முடிய முன்பே வீடியோப் பதிவு முடிந்துவிடும்.

தமிழ்ப் பெயர்களை வீடியோ எடிட் செய்யும்போது பெரிய எழுத்தில் சேர்த்து, ஒவ்வொன்றையும் வாசித்து முடிக்கிற அளவுக்கு நிறுத்தி வையுங்கள். குழுவில் போட முன் வட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி ஃபோனில் பாருங்கள். அங்கே மெல்லிய கோடுகள் கரைந்துபோயிருந்தால் பிணைப்புகளைக் காட்டுகிற குச்சிகளைத் தடிப்பாக்கி இன்னொரு தடவை எடுங்கள்.