கனடாக் கமராவும் எங்கட ரியூப் லைற்றும்

போன கிழமை ஒரு தம்பி கம்கோடர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "அண்ணை, ரொறன்ரோவில இருந்து பெரியம்மா அனுப்பினவ. தங்கச்சியின்ர சாமத்தியவீட்டை நானே எடுக்கப்போறன்." வாங்கி மெனுவைத் திறந்து பார்த்தேன். வயிறு கலங்கியது. இருபது வருசத்துக்கு முன்னம் நான் விட்ட அதே பிழை.

மூடியைக் கழற்ற மறக்கிறது, றெக்கோட் அமத்தாமல் ஒரு மணித்தியாலம் நிற்கிறது எல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஒருதரம் ஏச்சு வாங்கினால் அது தானாக நின்றுவிடும். கமரா வாங்கும்போதும் பாவிக்கும்போதும் விடுகிற மற்றப் பிழைகள்தான் கீழே.

எந்த நாட்டுக் கமரா என்று பார்க்காமல் எடுப்பது

2002 இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை திறந்த பிறகு வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்து போகத் தொடங்கின காலம். கனடா மச்சான் ஒருவர் திரும்பிப் போகும்போது தன்ர மினி டி.வி. (MiniDV, சின்ன நாடாவில் பதிகிற) கமராவை அரைவிலைக்குத் தந்தார். நானும் விசாரிக்காமல் இல்லை. சார்ஜரைத் திருப்பிப் பார்த்தேன்: 100–240 வோல்ற், 50/60 ஹேர்ட்ஸ். எங்கட கரண்டுக்கும் சரி என்று காசை எண்ணிக் கொடுத்தேன். பொருந்தினது சார்ஜர்தான், கமரா இல்லை என்று அப்போது யாருக்குத் தெரியும்?

முற்றத்து வெயிலில் படம் பளிங்கு மாதிரி. முதல் கலியாணம் ஒரு மண்டபத்தில், கூரை நீளத்துக்கு நாலடி ரியூப் லைற். வியூபைண்டருக்குள் ஒன்றும் பிடிபடவில்லை. வீட்டில் ரி.வி.யில் போட்டால் மண்டபமே இமை வெட்டுகிறது. கூறைச்சேலை மங்கித் தெளிந்து, மங்கித் தெளிந்து... பெண்ணின் தாய் கேட்டா, "தம்பி, அண்டைக்குக் கரண்ட் நடுங்கினதோ?" காசைத் திருப்பிக் கொடுத்தேன். தாலியைத் திருப்பிக் கட்டச் சொல்ல ஏலுமா?

காரணம் இதுதான். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். சோக் போட்ட ரியூப் லைற் செக்கனுக்கு 100 தரம் மங்கித் தெளியும், கண்ணுக்குத் தெரியாது. எங்கள் பால் (PAL) என்கிற ரி.வி. முறைக் கமரா (கறக்கிற பால் இல்லை) செக்கனுக்கு 50 தரம் பிடிக்கும். அப்போது ஒவ்வொரு பிடிக்குள்ளும் சரியாக இரண்டு துடிப்பு விழும். கனடா, அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹேர்ட்ஸ், அவர்களின் ரி.வி. முறையான என்.ரி.எஸ்.சி. கமராவும் கிட்டத்தட்ட 60 தரம் பிடிக்கும். இங்கே கொண்டுவந்தால் ஒரு பிடிக்கு ஒன்றேமுக்கால் துடிப்புக்கும் குறையத்தான் வரும். ஒன்றில் வெளிச்சம் கூட, அடுத்ததில் குறைய. வெட்டுவது அதுதான்.

எச்.டி. வந்த பிறகு இந்தப் பிரிவே இல்லை என்று கடைக்காரர் சொல்லுவார். பெயர்தான் போனது, 50உம் 60உம் போகவில்லை. மெனுவில் 50 என்று ஒரு தெரிவும் இல்லாமல் 60 மட்டும் இருந்தால் அது கனடா ஆள். லண்டன், பாரிஸ், சுவிஸ் சொந்தங்கள் அங்கே கடையில் வாங்கித் தருவது பெரும்பாலும் 50. கேட்பதென்றால் அவர்களிடம் கேளுங்கோ.

ஏற்கெனவே கையில் வந்துவிட்டதா? ஷட்டரை, அதாவது ஒவ்வொரு பிடிக்கும் வெளிச்சம் விடுகிற நேரத்தை, கையால் மாற்ற இடமிருந்தால் 1/100 செக்கனில் வையுங்கோ. படம் கொஞ்சம் இருட்டும், வெட்டு நிற்கும். மலிவு எல்.ஈ.டி. பல்ப் சிலதும் இதே சேட்டை விடும். ஆனபடியால் மண்டபத்துக்கு முதல்நாளே போய், லைற் எல்லாம் போடச் சொல்லி, வெள்ளைச் சுவரை ஒரு நிமிடம் எடுத்துப் பெரிய திரையில் பாருங்கோ. இன்னொருவர் 50 கமராவில் செக்கனுக்கு 25 பிறேமாக (முழுப்படமாக) எடுத்ததோடு உங்கள் 60 கமராவின் 30 பிறேமை ஒட்டினால் மாப்பிள்ளை நொண்டி நொண்டி நடப்பார். அதற்கு ஷட்டர் மருந்தில்லை.

தம்பியின் கமராவில் நல்லகாலம் 1/100 இருந்தது.

பெட்டியில் ஒட்டின ஸூம் நம்பர்

ஒப்ரிக்கல், அதாவது வில்லையே பெருப்பிக்கிற ஸூம், எவ்வளவு என்று மட்டும் பாருங்கோ. மற்றது படத்தைப் பிய்த்துப் பெருப்பிக்கிற வேலை. நல்லூர்த் தேரன்று வீதியில் சனத்துக்குப் பின்னால் நின்று டிஜிற்றல் ஸூமில் எடுத்தால், சுவாமி முகம் சதுரம் சதுரமாக வரும்.

சத்தத்தைக் கமராவிடமே விடுவது

தானியங்கிச் சத்தக் கட்டுப்பாட்டுக்கு மேளமும் தெரியாது, ஐயரும் தெரியாது. ஐயர் மெல்ல மந்திரம் சொல்லும்போது ஃபானின் இரைச்சலைத் தூக்கிக் கொடுக்கும், கெட்டிமேளம் எழும்பினதும் தவிலை அமுக்கிவிடும். மைக் குத்த ஓட்டையும், சத்தத்தைக் கையால் வைக்க வழியும் இல்லாத கமராவை நான் வாங்கமாட்டேன்.

ஒரே பற்றரி

இரண்டு.

மெமரிக் காட்டை அன்றிரவே அழிப்பது

இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, போட்டுப் பார்த்த பிறகு அழியுங்கோ.

மாரியில் அலுமாரிக்குள் பூட்டுவது

ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் வில்லைக்குள் பூஞ்சணம் பிடிக்கும். மூடி இறுக்கமான பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம், அவ்வளவுதான் செலவு. மச்சானின் கமராவைக் கோபத்தில் சேலை அடுக்குக்குப் பின்னால் செருகிவிட்டேன். போன மாதம் எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால், கண்ணாடிக்குள் சிலந்திவலை மாதிரி வெள்ளை நூல்.